ஷரீபா பீவியின் மாத்திரை

அன்று மாலை அசர் தொழுகைக்குப் பிறகு, மேலப்பாளையத்தில் லுங்கி வியாபாரி ஹசன் அலி ஹாஜியாரின் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் மூன்று பேர். ஹாஜியார், கணவனை இழந்து அவரோடு வாழும் தங்கை ஷரீபா பீவி, பேட்டையிலிருந்து வந்த முகம்மது இப்ராஹிம். இப்ராஹிம், மாப்பிள்ளை ஆரிப்பின் தாய்மாமன். ஷரீபா தன் அண்ணன் ஹாஜியாரைக் ‘காக்கா’ என்பாள், இப்ராஹிமை ‘அண்ணே’ என்பாள். அடுப்பங்கரையில் ஷரீபாவின் மகள் ஃபர்ஹத் இருந்தாள். ஆரிப்புக்கு நிச்சயம் செய்யப்பட்டவள் அவள்தான். இவர்களைத் தவிர வேறு எவரும் அங்கே இல்லை. நானும் இருந்தேன் என்று சொல்லித் திரிகிறவர்கள் நிச்சயமாக இல்லை.

இப்ராஹிம்: ...நான் சொல்லல ஹாஜியாரே. ஊர் சொல்லுது. அதைக் கொண்டுவந்து உங்க முன்னால வைக்கேன், அம்புட்டுதான்.

ஹசன் அலி: ஊருக்குப் பேரு கிடையாதா? சொன்ன ஆளைச் சொல்லும்.

இப்ராஹிம்: ஆளைச் சொன்னா சண்டைதான் வரும். ஃபேனைக் கொஞ்சம் போடச் சொல்லலாமா? சட்டை நனைஞ்சுபோச்சு.

ஹசன் அலி: கரண்டு இல்ல.

இப்ராஹிம்: உள்ள மிக்ஸி ஓடுதே.

ஹசன் அலி: ...இந்த அறைக்கு இல்ல.

இப்ராஹிம்: தலைக்கு மேல ட்யூப்லைட்டு எரியுது.

ஹசன் அலி: ஃபேன் ரிப்பேரு. வந்த விசயத்தைச் சொல்லும் வே.

இப்ராஹிம்: நிச்சயத்தன்னைக்கு எங்க வீட்டுல நடந்ததுதான். இதோ இருக்க சம்மந்தி சாப்பிட உக்காந்தாவ. ஒரு வாய்தான் வச்சாவ. இடது கன்னம் வெட்டி வெட்டி இழுத்துச்சாம். கண்ணுல தண்ணி. தட்டு கையில இருந்து சரிஞ்சு... செவத்தைப் புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாவளாம். பொறவு ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்து சோறு பெசைஞ்சாவளாம். பொம்பளைங்க அத்தனை பேரும் பாத்திருக்காவ.

ஹசன் அலி: பாத்துட்டு?

இப்ராஹிம்: பாத்துட்டு... வலிப்புன்னு சொல்லுதாவ.

ஹசன் அலி: எங்க வம்சத்துல வலிப்பு கிடையாது.

இப்ராஹிம்: கிடையாதுன்னா சந்தோசம்.

ஹசன் அலி: உம்ம சந்தோசத்துக்காக நான் சொல்லல. இல்லாததை இல்லைங்கேன்.

இப்ராஹிம்: சம்மந்தி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா எனக்குப் போதும். வந்ததுல இருந்து முக்காட்டால கன்னத்தை மூடிக்கிட்டு உக்காந்திருக்காவ. நான் சலாம் சொன்னதுக்குக்கூட தலையைத்தான் ஆட்டுனாவ.

ஹசன் அலி: எங்க வீட்டுப் பொம்பளைங்க வெளி ஆம்பளை முன்னால அதிகம் பேச மாட்டாவ.

இப்ராஹிம்: நிச்சயத்தன்னைக்கு வாசல்ல நின்னு நல்லா பேசுனாவளே. பேட்டைக்குப் பஸ்ஸு சரியா வர மாட்டேங்குதுன்னு டிரைவரை வஞ்சுட்டுல்லா உள்ள வந்தாவ.

ஷரீபா: ...வ அலைக்கும்... ஸலாம் அண்ணே.

ஹசன் அலி: போதும். நீ பேசாண்டாம்.

இப்ராஹிம்: பேச மாட்டாவளா, பேச முடியாதா?

ஹசன் அலி: ரெண்டுக்கும் பதில் நான் சொல்லுதேன். என்கிட்ட கேளும்.

இப்ராஹிம்: சரி, உங்ககிட்டயே கேக்கேன். தட்டு விழுந்தப்ப பையும் விழுந்திருக்கு. அதுக்குள்ள ஒரு மாத்திரை அட்டை. வலிப்புக்குப் போடுத மாத்திரை.

ஹசன் அலி: இந்த வீட்டுல அந்த மாத்திரை கிடையாது. அலமாரியைத் திறந்து பாரும். அரிசிப் பானைக்குள்ள கையை விட்டுப் பாரும்.

இப்ராஹிம்: இன்னைக்குக் கிடையாது. அன்னைக்கு?

ஷரீபா: இருந்துச்சு.

ஹசன் அலி: ஷரீபா.

ஷரீபா: இருந்துச்சுண்ணே. காலையில இருந்து... அலைச்சல். மாத்திரை போட... நேரம் தப்பிட்டு. அதான்... அன்னைக்கு அப்படி.

ஹசன் அலி: சரி, இருந்துச்சு. வலிப்புக்கு இல்ல, முகத்து வலிக்கு. டாக்டர் எழுதிக் கொடுத்தது. நிச்சயம் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் அம்புட்டையும் வாங்கிப் பாளையங்கால்வாயில எறிஞ்சேன். அதுக்குப் பொறவு அவ ஒண்ணு தொடல. இனி எவனும் ஹசன் அலி வீட்டுல வலிப்பு மாத்திரை இருக்குன்னு சொல்ல முடியாது.

இப்ராஹிம்: பட்டுன்னா நிறுத்துனிய?

ஹசன் அலி: பின்ன, நாள் பாத்தா நிறுத்துவாவ?

இப்ராஹிம்: அதை அப்படி நிறுத்தக் கூடாது ஹாஜியாரே. பைய பையத்தான் குறைக்கணும். அதுவும் டாக்டர் சொன்னாத்தான். என்ன காரியம் செஞ்சிய...

ஹசன் அலி: உமக்கு எதுக்கு வே இந்தப் பதைப்பு?

இப்ராஹிம்: ...மெடிக்கல்ல சொன்னாவ. விசாரிச்சேன்லா.

ஹசன் அலி: விசாரிச்சீரு. பேட்டை முழுக்க விசாரிச்சீரு. என் வாசலுக்குக் கடைசியா வந்திருக்கீரு.

இப்ராஹிம்: கோவப்படாதிய. முகத்து வலின்னா என்ன வலி? பல்லு வலியா?

ஹசன் அலி: இதே கேள்வியைத்தான் ஜங்ஷன்ல ஒரு பல் டாக்டர் கேட்டாரு. கேட்டுட்டு ஒரு பல்லைப் புடுங்குனாரு. வலி போகல. பக்கத்துப் பல்லுன்னாரு. அதையும் எடுத்தாரு. அப்படியே நாலு பல்லு. கடைசிப் பல்லை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்துட்டு, இதுல ஒரு சொத்தையும் இல்லையேன்னு அவரே சொன்னாரு.

இப்ராஹிம்: புடுங்குனதுக்குப் பொறவா?

ஹசன் அலி: பொறவுதான். அப்புறம் மூக்கு டாக்டர். தலையில நீர் கோத்திருக்குன்னாரு. அப்புறம் யுனானி ஹகீம் மூக்குல எண்ணெய் விட்டாரு. பள்ளிவாசல் ஆலிம்சா தண்ணி ஓதிக் கொடுத்தாவ. அதை முகத்துல தெளிக்கப் போயி...

ஷரீபா: உயிர் போயிட்டு.

ஹசன் அலி: நீ பேசாத. கடைசியா பாளையங்கோட்டையில ஒரு நரம்பு டாக்டர். அவர்தான் வியாதிக்குப் பேரு சொன்னாரு. முகத்துல நெத்திக்கு, கன்னத்துக்கு, தாடைக்குன்னு மூணு கிளையா ஓடுத நரம்பு ஒண்ணு இருக்காம். மூளைக்கு அடியில அது புறப்படுத இடத்துல ஒரு ரத்தக் குழாய் அது மேல சாய்ஞ்சிருக்கு. துடிக்கும்போதெல்லாம் உரசும். நீரு தறி பாத்திருக்கீருல்லா? பாவு நூலு ஒரே இடத்துல உரசுனா என்ன ஆகும்?

இப்ராஹிம்: பிசிறு எடுக்கும்.

ஹசன் அலி: அதான். நரம்புக்கு மேல இருக்க உறை பிசிறு எடுத்துட்டு. இனிமே காத்து பட்டாலும் அதுக்கு அடிதான். சோறு மென்னாலும் அடிதான். இது நரம்பு சமாச்சாரம். வம்சத்துக் கோளாறு கிடையாது. நான் சும்மா வந்துரல. உக்காந்து, ஒண்ணு விடாம கேட்டுட்டு வந்தேன். இந்த வியாதியோட சரித்திரம் முழுக்க எனக்கு அத்துப்படி.

ஷரீபா: ஒண்ணு விடாம கேட்டாவ அண்ணே. என் வலி... எப்ப நிக்கும்னு மட்டும்... கேக்கல.

ஹசன் அலி: அதுக்குத்தான் டாக்டர் இருக்காரு. நான் குடும்பத்துக்குப் பதில் சொல்லணும். கேளும் இப்ராஹிம். உலகத்துல எங்க பாத்தாலும் இதுக்குப் பல்லைத்தான் புடுங்கியிருக்கான். இருநூத்தம்பது வருசத்துக்கு முன்னால லண்டன்ல ஒரு டாக்டர் உக்காந்து தெளிவா எழுதுனாராம். சாப்பிட்டா வரும், பேசுனா வரும், தொட்டா வரும். மின்னல் மாதிரி வரும், போயிரும். வயசான பொம்பளைங்களுக்கு அதிகம் வரும். எல்லாம் எழுதி வச்சாரு.

இப்ராஹிம்: எழுதுன பொறவு நிறுத்துனானா?

ஹசன் அலி: எங்கன நிறுத்துனான். புடுங்கிக்கிட்டேதான் இருந்தான். போதாததுக்குப் பாஷாணம் கொடுத்தான், விசச் செடியை அரைச்சுக் கொடுத்தான். அப்புறம் கத்தியை எடுத்தான். முகத்துல ஓடுத நரம்பை வெட்டுனா வலி நிக்கும்னு வெட்டிப் பாத்தான். முகத்துக்கு ரெண்டு நரம்பு வே. ஒண்ணு அசைக்கதுக்கு, ஒண்ணு உணருததுக்கு. அது அவனுக்கு அப்போ தெரியாது. அசைக்குத நரம்பை வெட்டிப்புட்டான்.

இப்ராஹிம்: வெட்டுனா?

ஹசன் அலி: வாய் ஒரு பக்கமா கோணிட்டு. கண்ணை மூட முடியல. வலி மட்டும் அப்படியே இருந்துச்சு.

ஷரீபா: அவங்க பேரையெல்லாம்... யாரும் எழுதி வைக்கலியா?

ஹசன் அலி: எவங்க பேரை?

ஷரீபா: வெட்டுப்பட்டவங்க பேரை.

ஹசன் அலி: ...டாக்டரு அதைச் சொல்லல.

இப்ராஹிம்: ஹாஜியாரே, நீங்க சொல்லுதது எல்லாம் சரி. ரத்தக் குழாய் உரசுதுன்னா எதுக்கு வலிப்பு மாத்திரை? அதைச் சொல்லுங்க. எனக்கு அதுதான் விளங்கல.

ஹசன் அலி: அதுக்குத்தான் வாரேன். பிரான்ஸ் நாட்டுல ஒருத்தர். நூத்தெழுபது வருசத்துக்கு முன்னால. முகம் வெட்டி இழுக்குதா, திடீர்னு வருதா, திடீர்னு போகுதா... அப்போ இது வலிப்புக்கு உறவுன்னு சொல்லிப்புட்டாரு.

இப்ராஹிம்: பாத்தியளா.

ஹசன் அலி: என்னத்தைப் பாத்தியளா? தப்பா சொன்னாரு வே. ஆனா அந்தத் தப்பைப் புடிச்சுக்கிட்டே போயி, பின்னால வந்தவன் வலிப்பு மருந்தைக் கொடுத்துப் பாத்தான். கேட்டுச்சு. அறுபது வருசத்துக்கு முன்னால புதுசா ஒரு வலிப்பு மாத்திரை வந்துச்சு. அது இன்னும் நல்லா கேட்டுச்சு. நினைப்பு தப்பு, மருந்து சரி.

இப்ராஹிம்: பெரிய டாக்டரே வலிப்புன்னு சொல்லியிருக்காரு, மாத்திரையும் வலிப்பு மாத்திரை, அது கேக்கவும் செய்யுது. பேட்டையில பாத்திரம் கழுவுத பொம்பளை வலிப்புன்னு சொன்னா அவ மேல எப்படி ஹாஜியாரே குத்தம் சொல்லுவிய?

ஹசன் அலி: அந்த டாக்டருக்கு முன்னாலேயே, ஏறக்குறைய ஆயிரம் வருசத்துக்கு முன்னால, பாரசீகத்துல ஒரு ஹகீம் சரியா எழுதிட்டாரு. நம்ம ஆளு. முகத்துல ஒரு பக்கமா வருத வலிக்கு, நரம்புக்குப் பக்கத்துல ரத்தக் குழாய் இருக்கதுதான் காரணம்னு. மண்டையைத் திறக்காம, மிஷினு இல்லாம.

இப்ராஹிம்: அவர் எழுதுனதை எவனும் படிக்கலியா?

ஹசன் அலி: படிக்கல. போன நூற்றாண்டுல மண்டையைத் திறந்து, உருப்பெருக்கியை வச்சுப் பாத்துட்டுத்தான், ஆமா, குழாய்தான்னு ஒத்துக்கிட்டான். இப்போ ரெண்டுக்கும் நடுவுல பஞ்சு மாதிரி ஒண்ணை வச்சு விலக்குதானாம். ஆபரேஷன்.

இப்ராஹிம்: அப்போ ஆபரேஷனைச் செஞ்சுற வேண்டியதுதான.

ஹசன் அலி: கல்யாணத்துக்கு முன்னால பொண்ணோட உம்மா மொட்டைத் தலையோட நிக்கணுமா? வேற வினையே வேண்டாம்.

ஷரீபா: ...ஆ...

இப்ராஹிம்: சம்மந்தி... ஹாஜியாரே, பாருங்க, முகம்...

ஹசன் அலி: ஒண்ணுமில்ல. நீரு அந்தப் பக்கம் திரும்பி உக்காரும். ஷரீபா... ஷரீபா. எச்சிலை முழுங்காத.

இப்ராஹிம்: சம்மந்தி, நான் பேசுதது கேக்குதா?

ஷரீபா: ...ம்.

இப்ராஹிம்: நான் யாரு?

ஷரீபா: ...பேட்டை... அண்ணன்.

இப்ராஹிம்: இது வலிப்பு இல்ல.

ஹசன் அலி: இம்புட்டு நேரம் நான் என்ன சொன்னேன்?

இப்ராஹிம்: இல்ல ஹாஜியாரே, நிஜமாவே இது வலிப்பு இல்ல. வலிப்புல கூப்பிட்டா காது கேக்காது. கண்ணு மேல போயிரும். முடிஞ்ச பொறவும் எங்க இருக்கோம்னு தெரியாம முழிப்பான். நாக்கைக் கடிச்சிருப்பான். உம்மாவைப் பாத்தே யாருன்னு கேப்பான். அப்படியே அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான்...

ஷரீபா: விட்டுட்டு. வந்து போயிட்டா கொஞ்ச நேரத்துக்குத் திரும்ப வராது. இப்போதான் நான் பேச முடியும். பேசிருதேன். அண்ணே, நீங்க எத்தனை தடவை பாத்திருக்கிய?

இப்ராஹிம்: எதை?

ஷரீபா: உம்மாவையே யாருன்னு கேட்ட பையனை.

இப்ராஹிம்: பொதுவா சொன்னேன் சம்மந்தி. மெடிக்கல்ல...

ஷரீபா: நிச்சயத்தன்னைக்குப் பை விழுந்தப்ப அட்டையை எடுத்துத் தந்தது உங்க தங்கச்சி முஃபீதா. ஆரிப்போட உம்மா. அவங்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதுன்னு அவங்களே என்கிட்ட சொல்லியிருக்காவ. அட்டையோட முதுகைத்தான் பாத்தாவ. பாத்துட்டு என் காதுல, இது இருநூறா நானூறான்னு கேட்டாவ. மருந்தோட அளவு. மெடிக்கல்காரன் சொல்லிக் கொடுத்த கேள்வி இல்ல அண்ணே அது. தினம் எடுத்துக் கொடுக்குத கை கேட்ட கேள்வி.

ஹசன் அலி: இதை ஏன் நீ என்கிட்ட சொல்லல?

ஷரீபா: நீங்க அட்டையைத்தான் கேட்டிய காக்கா. வேற ஒண்ணும் கேக்கல.

ஹசன் அலி: இப்ராஹிம். அவ சொல்லுதது என்ன?

இப்ராஹிம்: ஆரிப்புக்குத்தான். பத்தாவது படிக்கும்போது முதல் தடவை வந்துச்சு. அப்புறம் ரெண்டு மூணு தடவை. ஒரு தடவை நல்லா ஆயிட்டேன்னு அவனா மாத்திரையை நிறுத்திப்புட்டான். பட்டுன்னு. அன்னைக்கு ராவு நாங்க பட்ட பாடு... அதான் நீங்க கால்வாயில எறிஞ்சேன்னு சொன்னதும் எனக்குப் பதறிட்டு. இப்போ வருசக்கணக்கா ஒண்ணுமில்ல. சார்ஜாவுல நல்ல வேலை. கூட இருக்கவனுக்குக்கூடத் தெரியாது. சத்து மாத்திரை பாட்டில்ல போட்டு வச்சிருக்கான்.

ஹசன் அலி: மாப்பிள்ளைக்கு வலிப்பு. அதை வச்சுக்கிட்டு என் வீட்டு நடையில வந்து நின்னு, உங்க வம்சத்துல வலிப்பு உண்டான்னு கேக்குதீரு.

இப்ராஹிம்: முஃபீதாவுக்கு அந்த மாத்திரைன்னா வலிப்பு மட்டும்தான் ஹாஜியாரே. வேற எதுக்கும் கொடுப்பாவன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? ரெண்டு பக்கமும் இருந்தா பிறக்குத பிள்ளைக்கு வருமேன்னு பயந்துட்டா. நேரா உங்ககிட்ட கேட்டா, உனக்கு எப்படி மாத்திரை தெரியும்னு நீங்க கேப்பிய. அதனால...

ஹசன் அலி: அதனால?

இப்ராஹிம்: பந்தியில இருந்த ரெண்டு பேர்கிட்ட மெதுவா சொன்னா. ஊர் கேட்டா நாம கேக்க வேண்டியது இல்லைன்னு நினைச்சுட்டா.

ஹசன் அலி: என் தங்கச்சி முகத்தைச் சந்தியில வச்சுட்டு, உங்க பையனைப் பொத்தி வச்சிய.

இப்ராஹிம்: தப்புதான். காலைப் புடிக்கச் சொன்னாலும் புடிக்கேன். ஆனா இப்போ நான் கண்ணால பாத்துட்டேன். இது வலிப்பு இல்ல. முஃபீதாகிட்ட நான் சொல்லுதேன். கல்யாணத்துக்கு எங்க பக்கம் இனி ஒரு தடையும் கிடையாது.

ஹசன் அலி: எங்க பக்கம் உண்டா இல்லையான்னு நான்லா சொல்லணும்.

இப்ராஹிம்: சொல்லுங்க. ஆனா ஹாஜியாரே, நின்னுபோன நிச்சயத்துக்கு ஊர்ல என்ன காரணம் சொல்லுவாவன்னு உங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே சொல்லிக்கிட்டுத்தான் இருக்காவ.

ஹசன் அலி: மிரட்டுதீரா?

இப்ராஹிம்: இல்ல. உள்ளதைச் சொல்லுதேன்.

ஹசன் அலி: ...சரி. நீரு போயி, பரப்புன அதே ரெண்டு பேர்கிட்ட, நான் விசாரிச்சேன், பொண்ணு வீட்டுல வலிப்பு கிடையாதுன்னு சொல்லணும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சு நாலு பேர் கேக்கச் சொல்லணும். உம்ம வீட்டுச் சமாச்சாரம் என் வாயில இருந்து வராது. அது நமக்குள்ள.

இப்ராஹிம்: ஃபர்ஹத்துக்கு?

ஹசன் அலி: அவளுக்கு எதுக்கு?

ஷரீபா: மிக்ஸி நின்னு நேரமாச்சு காக்கா.

ஹசன் அலி: கேட்டிருந்தா கேட்டிருக்கட்டும். வாயைத் திறக்க மாட்டா. என் வளர்ப்பு.

ஷரீபா: அந்தப் பையன் மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. மாத்திரையைப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறான், சாப்பிடுதான், பேசுதான். ஃபர்ஹத்கிட்ட அவனே சொல்லட்டும். அவ சரின்னா எனக்குச் சரி. எனக்கு இப்போ வேண்டியது அது இல்ல.

ஹசன் அலி: பின்ன என்ன?

ஷரீபா: என் மாத்திரை.

ஹசன் அலி: கல்யாணம் முடியட்டும்.

ஷரீபா: அது ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சுல்லா.

ஹசன் அலி: கழிஞ்சு தாரேன். நானே வாங்கித் தாரேன். அது வரைக்கும் எத்தனை பொம்பளைங்க வருவாவ, போவாவ. அம்புட்டுக் கண்ணும் உன் பை மேலதான் இருக்கும். இப்போதான் ஒரு பேச்சு அடங்கப் போகுது. மறுபடியும் ஒரு அட்டை கீழ விழுந்தா?

இப்ராஹிம்: பாட்டில்ல மாத்தி வச்சுக்கிடலாம் ஹாஜியாரே. நாங்க அப்படித்தான்...

ஹசன் அலி: ஹசன் அலி வீட்டுல ஒளிச்சு வைக்குத பழக்கம் கிடையாது.

ஷரீபா: அண்ணே, ஃபேன் ரிப்பேரு இல்ல. காத்து கன்னத்துல பட்டா அடிக்கும். அதான் போடல. உங்களைப் புழுங்க வச்சுட்டோம்.

இப்ராஹிம்: பரவால்ல சம்மந்தி.

ஷரீபா: காத்தைக்கூட நிறுத்திரலாம். தண்ணியை என்ன செய்ய? அஞ்சு வேளையும் தொழ ஒளு எடுக்கணும். முகத்துல தண்ணி படணும். கையில ஏந்திக்கிட்டு நிப்பேன். பாங்கு முடிஞ்சிரும், தொழுகை நேரம் ஓடும், நான் அந்தத் தண்ணியைப் பாத்துக்கிட்டே நிப்பேன். விரல் வழியா ஒழுகிப் போயிரும். மறுபடி புடிப்பேன். மாத்திரை இருந்த காலத்துல இந்தப் பயம் இல்ல காக்கா. மத்தவங்களை மாதிரி முகம் கழுவுனேன்.

ஹசன் அலி: எனக்கு மட்டும் மனசு இல்லையா? பொறுத்துக்கோன்னுதான சொல்லுதேன். உன் பிள்ளைக்காகத்தான. நம்ம உம்மா பொறுக்கலியா?

இப்ராஹிம்: உங்க உம்மாவுக்கும் இதே வலியா?

ஹசன் அலி: இதேதான்னு இப்போ தெரியுது. அப்போ பல்லு வலின்னு நினைச்சோம். ஒரு பல்லு பாக்கி இல்ல. துணியை மடிச்சு முகத்தோட சேத்துக் கட்டிக்கிட்டுத்தான் நடமாடுவாவ. கஞ்சியைத் தவிர ஒண்ணும் இறங்காது. அம்புட்டு வருசமும் ஒரு வார்த்தை முனங்குனது கிடையாது. அப்படிப்பட்ட பொம்பளை.

ஷரீபா: முனங்க வாயைத் திறக்கணும்லா காக்கா. அந்த மாத்திரை வந்து அறுபது வருசம் ஆச்சுன்னு நீங்கதான சொன்னிய. உம்மா இருக்கும்போதே அது உலகத்துல இருந்திருக்கு.

ஹசன் அலி: நமக்குத் தெரியாதே.

ஷரீபா: அப்போ தெரியாது. இப்போ தெரியும். தெரிஞ்சுதான் எறிஞ்சிய.

இப்ராஹிம்: ஹாஜியாரே... கேக்கேன்னு தப்பா நினைக்காதிய. உங்க உம்மாவைப் பத்தியும் ஒரு பேச்சு உண்டு. பேட்டையில வயசான ஆளுங்க சொல்லுதாவ. கருப்பந்துறையில குளிக்கப் போன இடத்துல வலிப்பு வந்துதான் ஆத்தோட போனாவன்னு. முஃபீதா ரொம்பப் பயந்தது அதுக்குத்தான். உம்மாவுக்கு, மகளுக்கு, அப்புறம் பேத்திக்குன்னு. அதையும் ஒரு வார்த்தை தெளிவாச் சொல்லிட்டியன்னா, நான் போயி ஒரேயடியா முடிச்சிருவேன்.

ஹசன் அலி: பச்சைப் பொய். ஐப்பசி மாசம், ஆத்துல தண்ணி அதிகம், படியில பாசி. கால் வழுக்கிட்டு. ஜமாத்துலயும் அப்படித்தான் சொன்னோம். அடக்கத்துக்கு ஜனாஸா தொழ வந்த அத்தனை பேருக்கும் தெரியும். சந்தேகம்னா இதோ இருக்கா, கேளும். அன்னைக்கு உம்மாகூடப் படித்துறைக்குப் போனவ இவதான். சொல்லு ஷரீபா. வலிப்பு வந்துச்சா? உன் வாயாலயே சொல்லு.

ஷரீபா: வலிப்பு வரல. கால் வழுக்கவும் இல்ல. உம்மா முகத்துல கட்டியிருந்த துணியை அவுத்து, மடிச்சு, என் கையில தந்தாவ. தந்துட்டு அவங்களாத்தான் ஆத்து வெள்ளத்துல இறங்குனாவ.